மையிடாத விரல்



என் கையில் இருப்பது 50 பைசா அஞ்சலட்டை. இதுபோன்ற அட்டைகளில் படமும் எழுத்தும் சேர்த்து அனுப்பியதற்காக ஒரு கவிஞரை ஓர் இராணுவ அரசு சிறையில் போட்டது என்றால் நம்புவீர்களா?

தென் அமெரிக்காவில் உருகுவே என்றொரு சின்னஞ்சிறு நாடு. 1973இல் அங்கே மக்களாட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே தலைநகர் மொண்டேவீடியோவில் கிளெமென்டே பாடின் என்ற கவிஞர் அஞ்சலட்டைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். 1977இல் அவரையும் நண்பர் ஒருவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இராணுவத்தின் பெயரைக் கெடுத்தார்களாம்! பாடினின் முகத்தைக்கூடப் பார்த்திராத பல நாட்டுக் கலைஞர்கள், அவரை விடுவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் உள்ளே இருந்துவிட்டு 1979இல் அவர் வெளியே வந்தார்.

மறு ஆண்டு, 1980 நவம்பர் 30. இராணுவம் தன் பிடியை நிலைநாட்ட ஒரு புதிய அரசியல் சட்டத்தை எழுதி, மக்களிடம் வாக்குக் கேட்டது. நூற்றுக்கு ஏறக்குறைய 57 பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அது பாடினின் அட்டைகளால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், வாய் திறக்கப் பயப்படும் காலத்தில், தன்னைப்போல நினைக்கிற இன்னொருவன் இருக்கிறான் என்பது மனிதனுக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிவிக்க ஓர் அட்டை போதும்.

இப்படி அட்டைகளில் படமும் எழுத்தும் அனுப்புவதற்கு அஞ்சல் கலை என்று பெயர். இதை நியூயார்க்கில் வளர்த்தவர் ரே ஜான்சன். பாதிப் படத்தை அனுப்பி, ‘இதில் ஏதாவது சேர்த்து இன்னாருக்கு அனுப்புங்கள்’ என்று எழுதிவிடுவார். இந்தக் கலையில் நடுவர் கிடையாது, கட்டணம் கிடையாது. வந்த அட்டை எல்லாம் கண்காட்சிச் சுவரில் ஏறும். ஓவியக் கல்லூரியில் படித்தவர் அட்டையும், பென்சில் பிடிக்கத் தெரியாதவர் அட்டையும் அருகருகே இருக்கும். அப்படி ஏற்றத்தாழ்வு இல்லாத இன்னோர் இடம் நம்மிடம் இருக்கிறது என்றால், அது வாக்குச்சாவடிதான்.

அந்த இடத்துக்கு நாம் போகிறோமா? 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் 81 விழுக்காடு வாக்குப் பதிவானது. நம் மத்திய சென்னை 54ஐத் தொடவில்லை. பட்டியலில் பெயர் விடுபட்டவர் உண்டு, வீடு மாறியவர் உண்டு, அன்றைக்குக் கூலி போனால் அடுப்பு எரியாதவர் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ‘நீ வா’ என்று யாருமே கூப்பிடாததால் வீட்டில் இருந்தவர்களும் உண்டு. கட்சிக்காரர் கூப்பிட்டால் சின்னத்துக்காகக் கூப்பிடுகிறார். எந்தச் சின்னமும் சொல்லாமல் கூப்பிட அண்டை வீட்டுக்காரரால்தான் முடியும்.

ஆகவே ஒரு வேலை வைத்திருக்கிறேன். அட்டையில் உங்கள் இடது கையை வைத்து, ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். நகத்தையும் வரையுங்கள். மையிடும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். கீழே, ‘வாக்களித்த பிறகு இதை நிரப்பி எனக்கே திருப்பி அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். கட்சிப் பெயர் வேண்டாம், சின்னம் வேண்டாம். யாருக்குப் போட்டார் என்பது அவரோடு இருக்கட்டும். திரும்பி வரும் அட்டைகள் அத்தனையையும், ஒன்றுகூட ஒதுக்காமல், இந்த மண்டபச் சுவரில் ஒட்டுவோம்.

வாசல் மேசையில் அட்டைகள் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, போன தேர்தலில் போகாத ஒருவருக்கு. மற்றொன்று, உங்கள் தெருவில் 18 வயது நிரம்பிய பிள்ளைக்கு. பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 தர வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். இங்கேயே உட்கார்ந்து முகவரியை எழுதிவிட்டுப் போங்கள். பின்கோடு ஆறு இலக்கத்தையும் மறக்காமல் போடுங்கள்.