அசல், நகல், போலி: பழைய மோட்டாரின் உறுப்புகள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பழைய பெருஞ்சாலை, இராணிப்பேட்டையைக் கடந்து சித்தூரைத் தொட்டு, அங்கிருந்து பலமநேர் வழியாக மேட்டுநிலத்தின்மேல் ஏறிச் சென்றது. அங்கிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் திருப்பதி இருக்கிறது. திருமலைக்கு 1944-ஆம் ஆண்டில் ஒரு மலைப்பாதையும், 1974-ஆம் ஆண்டில் மற்றொரு மலைப்பாதையும் அமைந்தன. இன்று வண்டிகள் புதிய பாதையில் ஏறிப் பழைய பாதையில் இறங்குகின்றன. யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு அம்பாசடர் வண்டிகள் அம்மலையில் ஏறி இறங்கிய காலம் நம் நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும். அவ்வண்டிகளைப் பழுதுபார்த்தே கைதேர்ந்த மெக்கானிக்குகள், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோர், இவ்விரு ஊர்களிலும் இன்னும் இருக்கிறார்கள்.

வண்டிகளைச் செய்த ஆலைகளோ ஓய்ந்துவிட்டன. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தியது. பம்பாய்க் குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றது. சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதனினும் பழையது. ஆயினும் வண்டிகள் மறைந்துவிடவில்லை. தந்தையார் ஓட்டிய அம்பாசடரை விற்க மனமில்லாமல் சித்தூர் வீட்டில் நிறுத்திவிட்டு, தில்லியிலோ நாகபுரியிலோ உத்தியோகம் பார்க்கும் மகன், ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வந்து குடும்பத்துடன் அதில் திருமலைக்குப் போக விரும்புகிறான். அவன் வருவதற்கு ஒரு மாதம் முன்னரே மெக்கானிக் தொலைபேசியில் ஒரு பட்டியலும் ஒரு தொகையும் சொல்கிறார். பொருளைக் கண்ணால் காணாமலே பணம் போய்ச் சேர்கிறது. வாங்கிய பொருள் எத்தகையது, கொடுத்த விலை தகுமா என்று அவன் அறிவது எவ்வாறு? இக்கேள்வியையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். தமிழில் நகல் என்றால் படி. அதில் குற்றம் ஒன்றுமில்லை. தெலுங்கிலும் நகலு என்பது அப்பொருளையே தரும். ஆனால் நகிலி என்று ஓர் எழுத்து மாறியவுடன் அது போலி என்று பொருள்பட்டுவிடுகிறது. சித்தூர்க் கடையில் இவ்விரு சொற்களையும் ஒன்றாகக் கருதி வழக்காடுவோரை நாம் கண்டிருக்கிறோம். பொருளிலும் இதே வேற்றுமை உண்டு. ஒரு சிறு தொழிற்சாலை தன் பெயரையே பொறித்து, அம்பாசடருக்குப் பொருந்துமாறு செய்து விற்கும் உறுப்பு நகல். அதே உறுப்பின்மேல் வேறொரு புகழ்பெற்ற கம்பெனியின் பெயரைப் பொறித்து விற்றால் அது போலி. முன்னதை வாங்கலாமா கூடாதா என்பது தரத்தைப் பொறுத்தது. பின்னதை எந்த விலைக்கும் வாங்கலாகாது. பெயரிலேயே பொய் சொன்னவன் உலோகத்தில் மெய் சொல்வான் என்று எதிர்பார்க்க இடமில்லை.

அசல் என்பதும் ஒரே வகையினதன்று. மோட்டார்க் கம்பெனியின் பெட்டியில் வந்தது ஒன்று. அக்கம்பெனிக்கே அவ்வுறுப்பைச் செய்து கொடுத்த தொழிற்சாலை, தன் சொந்தப் பெயரில் கடைக்கு அனுப்பியது மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே தரத்தின. முதலாவதற்கு விலை கூடுதல். வண்டி நின்றுபோன பிறகும் இரண்டாவது வகை சில உறுப்புகளில் கிடைத்து வருவதுண்டு. இவற்றைத் தவிர, உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய அசலும் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் குவிந்திருப்பது பெரும்பாலும் இவ்வகையே. அது அசல்தான், ஆனால் தேய்ந்த அசல். இந்த ஒரு சொல்லை விற்பவர் விழுங்கிவிடுவது வழக்கம்.

இனிச் சோதிக்கும் முறை. எப்பெட்டியையும் விடச் சிறந்த சாட்சி, நம் வண்டியிலிருந்து கழற்றிய பழைய உறுப்புத்தான். ஆகவே அதை எறிந்துவிட வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். புதியதையும் பழையதையும் அருகருகே வைத்து எடை பார்க்கவேண்டும். வெர்னியர் காலிப்பரால் அளக்கவேண்டும். காந்தத்தை ஒட்டிப் பார்க்கவேண்டும். பித்தளை என்று சொன்ன பொருளில் காந்தம் ஒட்டினால், அது முலாம் பூசிய இரும்பு. வார்ப்பில் எழுந்து நிற்கும் எழுத்துகளைக் கவனிக்கவேண்டும். அசல் உறுப்பையே அச்சாக வைத்து மணலில் வார்த்த பொருளில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். உலோகம் குளிரும்போது சுருங்குவதால், அளவும் ஓர் இழை குறைந்திருக்கும். தொலைவில் இருப்பவர்கள், இரண்டு உறுப்புகளையும் ஓர் அளவுகோலுடன் சேர்த்துப் படம்பிடித்து அனுப்பச் சொல்லலாம். கைப்பேசி வந்த பிறகு இதில் சிரமம் ஏதுமில்லை. தயங்கும் கடைக்காரரை நாமும் தயங்கியே அணுகலாம்.

அம்பாசடர் அங்குலக் கணக்கில் பிறந்தது. பியட் மில்லிமீட்டர்க் கணக்கில் பிறந்தது. அம்பாசடரின் மரைகளில் மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து முறுக்கும் பட்டறைகள் உண்டு. அது இரண்டு சுற்றுப் போகும். பிறகு மரையைத் தின்றுவிடும். என்ஜினில் கிராங்க் தண்டைச் சுற்றி அமையும் பேரிங் ஓடுகளின் முதுகில் 010, 020 என்று பொறித்திருப்பதைக் காணலாம். தண்டை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, இருபது பங்கு கடைந்த பிறகு இடவேண்டிய ஓடு இது என்பது அதன் பொருள். இந்த எண்ணை அழித்து வேறு எண் பொறிப்பது போலி வியாபாரத்தின் பழைய தந்திரம். மைக்ரோமீட்டரால் ஓட்டின் கனத்தை அளந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

குண்டு பேரிங்கைப் பற்றி ஒரு செய்தி. அதன் ஓரத்தில் 6205, 6304 என்பதுபோன்ற எண் இருக்குமானால், அது உலகமெங்கும் ஒரே அளவு. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் மில்லிமீட்டர் அளவு வரும். 6205 என்றால் 25. இத்தகைய பேரிங்கைப் பழைய மோட்டாரின் அபூர்வ உறுப்பு என்று சொல்லி விற்றால் ஏமாறவேண்டியதில்லை. எந்த ஊரிலும் பேரிங் கடையில் எண்ணைச் சொல்லிச் சாதாரண விலைக்கு வாங்கலாம்.

"பிரிக்காத பழைய பெட்டி, 1980-ஆம் ஆண்டுச் சரக்கு" என்று சிலர் பெருமையாகச் சொல்லி இருமடங்கு விலை கேட்பார்கள். பல்சக்கரத்துக்கும் கதவுப் பிடிக்கும் அது பெருமைதான். ரப்பருக்கு அது குற்றம். பிரேக்குக் குப்பி, குழாய், டயர், பெல்ட் ஆகியவை பெட்டிக்குள் படுத்திருந்தே கிழமெய்துகின்றன. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. முன்கண்ணாடிக்கும் டயருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாட்டரியைப் பொறுத்தவரை திருப்பதிக்காரர்களுக்குக் கவலையில்லை. அருகே கரகம்பாடியிலேயே பெரிய பாட்டரித் தொழிற்சாலை நடக்கிறது. புதிய பாட்டரியை இட்டதனால் பழைய வண்டியின் மதிப்புக் குறைந்துவிடாது.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பழைய அம்பாசடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே. திருமலையிலிருந்து இறங்கும்போது, வண்டியின் கனமும் ஐந்து பேரின் கனமும் சேர்ந்து தரும் வேகம் முழுவதும் அந்த டிரம்முக்குள் உஷ்ணமாக மாறுகிறது. மூடிய கூட்டிலிருந்து அவ்வுஷ்ணம் எளிதில் வெளியேறாது. நல்ல லைனிங் அதைத் தாங்கும். மட்டமான லைனிங்கோ சூடேறியதும் பிடிப்பை இழந்துவிடும். கடையில் விரலால் தட்டிப் பார்த்தாலும், சமவெளியில் ஓட்டிப் பார்த்தாலும் இக்குறை தெரியாது. சித்தூர்ச் சாலையில் ஒரு வருஷம் குறையின்றி உழைத்த லைனிங், மலையில் கால்மணி நேரத்தில் கைவிடக்கூடும். பிரேக் எண்ணெயும் அப்படித்தான். டாட் 3 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரையில் கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மிதி தரைவரை போகும். ஆதலால் லைனிங், மாஸ்டர் சிலிண்டர், அதன் ரப்பர்கள், எண்ணெய், ஸ்டியரிங் மூட்டுகள் ஆகிய இவற்றில் விலைபேசுதல் கூடாது என்பது நம் துணிபு. செய்தவர் பெயரும் மாதமும் அச்சிட்ட பெட்டியில், அறிந்த கடையில், புதிதாகவே வாங்கவேண்டும். கூடு மட்டுமே கிடைத்து உள்ளுறுப்பு கிடைக்காவிட்டால், வண்டி சமவெளியில் நிற்கட்டும். மலைக்குத் தேவஸ்தானத்துக்குப் போகும் பேருந்து இருக்கிறது.

மற்ற உறுப்புகளுக்கு விலை நிதானிப்பது எப்படி? விலைக்குத் தரை ஒன்று, கூரை ஒன்று உண்டு. தரை என்பது பழைய உலோகமாக எடைக்குப் போட்டால் கிடைப்பது. கூரை என்பது அதே உறுப்பைக் கோயமுத்தூர் போன்ற ஊரில் நல்ல கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்ய ஆகும் செலவு. அல்லது வெளிநாட்டிலிருந்து தருவிக்க ஆகும் கிரயம், கப்பல் கூலி, சுங்க வரி ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அம்பாசடருக்கு இவ்விரண்டாவது கூரை மிகவும் பயன்படும். அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. அதே குடும்பத்து என்ஜின் எம்.ஜி. மோட்டார்களிலும் ஓடியது. எம்.ஜி. அபிமானிகளுக்காக அவ்வினத்து உறுப்புகளில் பல இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. எல்லாம் அப்படியே பொருந்திவிடும் என்பதில்லை. பாக எண்ணை ஒப்பிட்டே வாங்கவேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. எடைக்கு 300 ரூபாயும், புதிதாகச் செய்ய 2,500 ரூபாயும் ஆகும் ஒரு தாங்கிக்கு 4,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூரைக்குமேல் உள்ள அந்த 1,500 ரூபாய், பொருளுக்கு அன்று, அசல் என்னும் பெயருக்கு. கண்காட்சிக்கு வண்டியை ஆயத்தம் செய்பவர் அதைக் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஊருக்குள் ஓட்டுபவருக்கு அவசியமில்லை. சொன்ன விலை கூடுதலாக இருப்பதனாலேயே பொருள் அசலாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணுவோர் படித்தவர்களிலேயே அதிகம்; மெக்கானிக்குகள் அப்படி எண்ணுவதில்லை.

அசல் என்பதற்குச் சட்டத்திலும் இப்போது ஒரு மதிப்பு வந்திருக்கிறது. மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் செய்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்து, வி.ஏ. என்ற எழுத்துகளுடன் எண் பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டு செல்லும். ஆனால் சட்டகத்திலும் உடற்கூட்டிலும் என்ஜினிலும் பெருமாற்றம் செய்திருக்கலாகாது. அன்றாடப் போக்குவரத்துக்கு அதை ஓட்டவும் அனுமதி இல்லை. 1975-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசடர் 2025-ஆம் ஆண்டில் இவ்வயதை எட்டிவிட்டது. டீசல் மலிவென்று என்ஜினை மாற்றிய வண்டிகள் இவ்வகையில் தகுதி இழக்கும். பழைய என்ஜினையே தேடி வாங்குவோர், அது எந்த வண்டியினின்றும் இறங்கியது என்பதற்குப் பதிவுப் புத்தகத்தின் நகலைக் கேட்டுப் பெறவேண்டும். எண் சுரண்டப்பட்ட என்ஜின், போலீசாரிடமும் பதில் சொல்ல நேரும்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் மோட்டார் உறுப்புகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். பில் வேண்டாம் என்றால் அதைக் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்வார். கழிவது வரி மட்டுமன்று, நம் சாட்சியமும் கழிகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டாண்டுக் கெடு உண்டு. சித்தூரில் வாங்கிய பொருளுக்கு நாகபுரியிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது, பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குப் பெரிய வசதி. 1915 என்ற தொலைபேசி எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். பில்லில் "மோட்டார் உறுப்பு" என்று பொதுவாக எழுதவிடாமல், செய்தவர் பெயரையும் பாக எண்ணையும் எழுதச் செய்யவேண்டும்.

வேலை முடிந்தபின் அசல் பெட்டியை முழுதாகக் குப்பையில் போடவேண்டாம். கிழித்துப் போடவேண்டும். காலிப் பெட்டியை விலைக்கு வாங்கி மட்டச் சரக்கை நிரப்புவோர் உண்டு. தேய்ந்த பிரேக் உறுப்பையும், ஒப்பிட்டுப் பார்த்து முடிந்தபின், சுத்தியலால் ஓர் அடி அடித்த பிறகே பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கவேண்டும். மெருகேறித் திருப்பதிக் கடையில் மீண்டும் உட்காருவதற்கு அதனால் முடியாது.