மாடிப்படிக் காபட்டைச் சுத்தம் செய்வதும் ஒரு தொழில்தான்

(ஹோட்டல், பங்களா வேலைக்குப் போக இருக்கும் இளைஞர் யுவதிகளுக்காகத் தோட்டக் கலாசார மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப் போவது காபட்டைப் பற்றி. காபட் என்றதும் ரோட்டுக்குப் போடுற காபட்டை நினைச்சிடாதீங்க. மாடிப்படியில் விரித்திருக்கும் கம்பளத்தைத்தான் சொல்கிறேன். "நாங்க இருக்கிறது லயத்துல, எங்களுக்கு ஏன் மாடிப்படிக் கம்பளம்?" என்று பின்னால் ஒரு அக்கா முணுமுணுப்பது கேட்கிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம்முடைய பிள்ளைகள் வேலைக்குப் போகிற இடங்களைப் பாருங்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாறியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த பழைய துரை பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாயின. கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வீட்டு வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போகிறவர்களும் நம்மவர்களில் அநேகம் பேர். போன இடத்தில் முதல் வாரமே "படியைச் சுத்தம் பண்ணு" என்றுதான் சொல்வார்கள்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை இல்லாமல் இருந்த என்னை ஒரு பங்களாவில் உதவியாளாகச் சேர்த்தார்கள். ஒரு நாள் படிக் கம்பளத்தில் யாரோ தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார்கள். கெட்டிக்காரப் பேர் வாங்க ஆசைப்பட்டு, வாளி நிறையச் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து, அதில் கக்கூஸ் கழுவ வைத்திருந்த பிளீச்சையும் ஊற்றி, தும்புக்கட்டையால் தேய் தேய் என்று தேய்த்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், கறை இருந்த இடத்தில் தட்டகலத்துக்கு மஞ்சளாக ஒரு வட்டம். நூல் இற்றுப்போய்க் கையோடு வந்தது. மற்றப் படிகளில் பழுப்புத் திட்டு. ஒரு கிழமைக்குள் படியெல்லாம் பூஞ்சண வாடை.

மூன்று மாதம் என் சம்பளத்தில் பாதியைப் பிடித்தார்கள். அந்த மூன்று மாதமும் அம்மா கடைக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் குறுக்குப் பாதையால் போய் வந்தார். எனக்கு வேலை செய்ய மனம் இல்லாமல் இல்லை. முறைதான் தெரியாது. அந்தப் பங்களாவில் இருந்த வயதான அப்பு ஒருவர்தான் பிறகு பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, கவ்வாத்துக் கத்தியைக் கொண்டு கொழுந்து எடுப்பாங்களா? நூலைப் பார்த்துச் சாமானை எடு" என்றார். இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் அதுதான்.

முதலில் நூலைப் பாருங்கள். கம்பளத்தில் பல சாதி உண்டு. ஆட்டு ரோமக் கம்பளம் ஒன்று. நைலோன் போன்ற செயற்கை நூல் இன்னொன்று. தும்பு, சணல் வகை மூன்றாவது. தெரியாவிட்டால் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், அவர் அனுமதியோடு ஓரத்தில் உதிர்ந்த ஒரு நூலை எடுத்து, வெளியே கொண்டு போய்க் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய நாற்றம் வந்து, விரலில் பொடியாக நொறுங்கினால் ரோமம். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை நூல். ரோமத்துக்குப் பிளீச் எமன். நூலையே கரைத்துவிடும். அதற்குக் காரம் இல்லாத மென்மையான திரவம்தான் போட வேணும். தும்பு, சணல் கம்பளத்துக்குத் தண்ணீரே ஆகாது. பழுப்புக் கறை ஏறும், சுருங்கும்.

இரண்டாவது, காய்ந்த அழுக்கு. கம்பளத்தில் இருக்கும் அழுக்கில் பெரும் பகுதி காய்ந்த மண்ணும் தூசும்தான். மிதிக்க மிதிக்க அந்த மணல் நூலின் அடியில் இருந்து கத்தி மாதிரி அறுக்கும். தூசு எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் சேறு குழைத்த கதைதான். ஆகவே எப்போதும் முதலில் தூசு உறிஞ்சும் இயந்திரம், வெக்கூம் என்று சொல்வது. 1901இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்பவர் உருவாக்கிய யோசனைதான் இது. அவருடைய முதல் இயந்திரம் குதிரை வண்டியில் வைத்து இழுத்துப் போகிற அளவுக்குப் பெரிசு.

படிக்கு அகலமான வாய் உதவாது. நாலு அங்குல அளவில் கைக்கு அடங்கிய சிறிய வாய் வேணும். மூலைக்கு ஒடுங்கிய வாய் வேணும். சுழலும் பிரஷ் உள்ள வாயை, வளையம் வளையமாக நெய்த கம்பளத்தில் வைக்காதீர்கள். ஒரு வளையம் மாட்டினால் வரிசையாக உருவி வந்துவிடும்.

மேலே இருந்து கீழே வாருங்கள். ஒவ்வொரு படியிலும் முதலில் நிமிர்ந்து நிற்கும் பக்கம், பிறகு மூலை, பிறகு கால் வைக்கும் பக்கம், கடைசியில் படியின் மூக்கு. மூக்கில்தான் எல்லோருடைய காலும் உரசும், அங்கேதான் தேய்மானம் அதிகம். மூலைத் தூசு வராவிட்டால் சின்னப் பிரஷால் கிளப்பிவிட்டு உறிஞ்சுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். தூசு எடுத்த பிறகும் அழுக்குத் தெரிந்தால்தான் தண்ணீர். முதலில் மறைவான ஒரு மூலையில் திரவத்தைத் தடவி, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் துணியில் ஏறினால் அதோடு நிறுத்த வேணும். திரவத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்குங்கள். கூடப் போட்டால் கூடச் சுத்தம் என்று நினைப்பது தவறு. மிஞ்சிய சவர்க்காரம் பசை மாதிரி நின்று புது அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரைத் தெளித்து உடனே உறிஞ்சும் இயந்திரம் இருந்தால், ஒரு தடவை தெளித்து இழுத்தால், இரண்டு தடவை தெளிக்காமல் வெறுமனே இழுங்கள். கூடிய அளவு ஈரம் வெளியே வந்துவிடும்.

இதையும் மேலே இருந்து பின்பக்கமாக இறங்கி வந்தே செய்யுங்கள். உங்கள் கால் எப்போதும் காய்ந்த படியில் இருக்கும். பாரமான இயந்திரத்தைக் கீழ்த் தரையிலோ நடுத் தட்டிலோ வைத்துக் குழாயை மட்டும் மேலே எடுங்கள். தலைக்கு மேல் படியில் வைத்தால் அது ஒரு நாள் உங்கள் மேலேயே வரும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் மூடுபனிக் காலத்தில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் உள்ள காலையைத் தெரிவு செய்யுங்கள். படியின் அடியில் மின்விசிறி வையுங்கள். ஒரு நாளைக்குள் காய வேணும். நாட்கணக்கில் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

நான் கெடுத்த தேத்தண்ணிக் கறைக்கு மருந்து என்ன? தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியால் ஓரத்தில் இருந்து நடுவுக்கு ஒற்றி எடுங்கள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். போகாவிட்டால் வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து, துணியில் நனைத்து ஒற்றுங்கள். கடைசியில் வெறும் தண்ணீர் தொட்டு ஒற்றிக் காயவிடுங்கள். பால் தேத்தண்ணி என்றால் வினாகிரிக்கு முன் மென்மையான திரவம் கொஞ்சம். பழைய பங்களாக்களில் கம்பளத்தைப் பிடித்திருக்கும் பித்தளைக் கம்பிகளைப் படியில் வைத்தே மினுக்க வேண்டாம். கழற்றி வெளியே கொண்டு போய் மினுக்குங்கள். மினுக்கும் களிம்பு கம்பளத்தில் கறுப்பு வைக்கும்.

இனி, பிள்ளைகளை அனுப்புகிற தாய்மாரே, இதை நன்றாகக் கேளுங்கள். பிளீச்சோடு வினாகிரியையோ, கக்கூஸ் கழுவும் அசிட்டையோ, அமோனியா உள்ள எதையுமோ கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். பூட்டிய இடத்தில் உயிருக்கே ஆபத்து. ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது. வயரைப் படிக்குக் குறுக்கே விடக் கூடாது, தோளில் போட்டுப் பின்னால் விடுங்கள். மேலும் கீழும் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். மேலே ஒன்று வைத்துவிட்டுக் கீழே மறந்தால், கீழே இருந்து வருகிற ஆள் விழுவார். றப்பர் அடியுள்ள சப்பாத்து போடுங்கள். முழங்காலுக்குக் கீழே தடித்த துணியாவது மடித்து வையுங்கள். நம்முடைய அம்மாமார் கூடை சுமந்து முதுகைக் கெடுத்தது போதும். நீங்கள் முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையில் சேரும் அன்றே மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன கம்பளம்? எந்தத் திரவம், எந்த அளவு? ஏதாவது பழுதானால் யார் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கப் பாருங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். கேட்கிறவனைத்தான் வேலை தெரிந்தவன் என்று மதிப்பார்கள். நான் கேட்காமல் விட்டதால்தான் மூன்று மாதச் சம்பளத்தில் பாதி போனது.

இன்னொரு விஷயம். ஹோட்டல் அறைப் பராமரிப்பு வேலைக்கு என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களும் தங்கள் அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டுக்கு உட்பட்டு அதைப் பெற வழி இருக்கிறது. ஆகவே எங்கே வேலை செய்தாலும் சேவைக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் என் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்தே நிரப்புவோம்.

கூட்டுகிற வேலை தானே என்று யாராவது சொன்னால் தலை குனியாதீர்கள். இரண்டு இலை ஒரு மொட்டுப் பார்த்து எடுக்கிற கை நம்முடையது. அந்தக் கைக்கு ரோமம் எது, நைலோன் எது என்று பார்த்து வேலை செய்யத் தெரியாதா என்ன? தெரிந்துகொண்டு போங்கள். போன இடத்தில் நல்ல பேரோடும் முழுச் சம்பளத்தோடும் வீட்டுக்கு வந்து சேருங்கள்.