கிராமச் சிறுவர் கல்வியும் நிழற்படமும்

(வெள்ளி விழாவையொட்டிக் கூடிய இளைஞர் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பின் மாலைப் படிப்பகத்திற்குப் புதுக் கட்டடம் எழுப்புவதென்று சங்கம் முடிவு செய்திருப்பதை அனைவரும் அறிவீர்கள். கொத்தனாரை அழைத்து நூல் பிடிப்பதற்கு முன்னர், நம் பிள்ளைகள் எங்கே, எப்படி, எந்த வெளிச்சத்தில் படிக்கிறார்கள் என்பதை ஒரு மாத காலம் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமென்று கல்விக் குழுவினராகிய நாங்கள் கேட்டுக்கொண்டோம். "பணம் திரட்டச் சொன்னால் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே" என்று சிலர் வருந்தியது எங்கள் செவிக்கும் எட்டியது. அவர்களுக்கு விடை சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. காமிரா நம் மக்களிடம் நற்பெயர் எடுத்த கருவி அன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர், நம் முன்னோர் உள்ளிட்ட பல குலத்தாரை நிறுத்திவைத்து, மண்டையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவி கொண்டு அளந்தார், படமும் பிடித்தார். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி அவர் எழுதிய நூல் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதிலுள்ள படங்களின் கீழ்ப் பெரும்பாலும் சாதியின் பெயர் இருக்கும்; நின்ற மனிதரின் பெயர் இராது.

அது பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. சில ஆண்டுகளுக்கு முன், உதவி செய்ய வந்த ஓர் அமைப்பினர் நம் தெருச் சிறுவன் ஒருவனைக் கிழிந்த சட்டையோடு நிற்கச் சொல்லிப் படம் எடுத்து, அதை நாட்காட்டியில் அச்சிட்டனர். வீட்டில் நல்ல சட்டை இருந்தது, மாற்றிக்கொள்ள விடவில்லை. "எம் புள்ளயப் பிச்சக்காரனாக்கிட்டாங்களே" என்று அவன் தாயார் அழுததை இங்கே அமர்ந்திருப்போரில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்த நாட்காட்டி ஓராண்டுக் காலம் எத்தனை சுவர்களில் தொங்கியதோ!

ஆயினும் அளவெடுத்தவர்களுள் வேறு விதமானவரும் உண்டு. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்று ஒருவர் இருந்தார். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908-ஆம் ஆண்டில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவில் நிழற்படக்காரராகச் சேர்ந்தார். ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் வேதப் புத்தகம் விற்பவர் போலவும் இயந்திரங்களைப் படம் எடுப்பவர் போலவும் உள்ளே நுழைந்தார். தம் உள்சட்டையின் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கின்றன என்பதை முன்னரே அறிந்து வைத்திருந்து, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் உயரத்தை அந்தப் பொத்தானை வைத்தே கணக்கிட்டார். பையினுள் கைவிட்டு, மறைவாகக் குறிப்பு எழுதிக்கொண்டார். தர்ஸ்டனும் அளந்தார், ஹைனும் அளந்தார். முன்னவர் மனிதரைத் தரம் பிரிக்க அளந்தார். பின்னவர் அந்தக் குழந்தை வேலைக்கு ஆகாத சிறு பிள்ளை என்று மெய்ப்பிக்க அளந்தார். அவர் எடுத்த படங்கள் ஐயாயிரத்துக்கு மேல் வாஷிங்டன் நகரின் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் உள்ளன.

ஆலைப் படங்களே அவருக்குப் புகழ் தந்தன. நமக்கு வேண்டியவையோ அவர் கிராமப் பள்ளிகளில் எடுத்தவை. 1916-ஆம் ஆண்டு செப்டம்பரில் கென்டகி மாநிலத்து ஹெண்டர்சன் வட்டாரத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு தனிப் பள்ளியைப் படம் எடுத்தார். ஆம், அங்கும் தனிப் பள்ளிதான். படத்தோடு அவர் சேர்த்த குறிப்பைக் கேளுங்கள்: கணக்கெடுப்பின்படி பள்ளிக்கு வர வேண்டியவர் 27, பெயர் பதிந்தவர் 12, அன்று வந்தவர் 7. புகையிலை வேலை பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. வேலை முடிந்தால் 19 பேர் பதிவாவார்கள் என்று ஆசிரியர் எதிர்பார்க்கிறார். வந்திருந்தோரின் வயதையும் விடாமல் எழுதினார். இவ்வளவுதான் குறிப்பு. ஒரு பரிதாபச் சொல் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியின் ஆண்டு எந்த மாதத்தில் தொடங்க வேண்டும் என்பது அதைப் படித்தவருக்கு விளங்கியிருக்கும். வராத பிள்ளைகளையும் படத்தில் கணக்கு வைத்தவர் அவர்.

படம் எடுத்தவுடன் யாவும் மாறிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. 1916-இல் வந்த குழந்தைத் தொழில் சட்டத்தை 1918-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1938-இல்தான் நிலையான சட்டம் வந்தது. அதிலும் வயல் வேலைக்குப் பெருமளவு விலக்கு. கிராமத்துப் பிள்ளை எந்த நாட்டிலும் கடைசியில்தான் கவனிக்கப்படுகிறது போலும்.

பிள்ளை எங்கே உட்காருகிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்பன அற்பச் செய்திகள் என்று எண்ணுவோரும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது தனியே ஒரு கோணித் துண்டின்மீது உட்கார வைக்கப்பட்டார். பள்ளியைப் பெருக்குபவரும் அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் கொண்டுவந்தார். பணியாள் வந்து குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர், இல்லையேல் தாகம். இருக்கையும் குழாயும் எப்படி அமைகின்றன என்பதில் ஒரு குழந்தையின் மானமே அடங்கியிருந்தது. அந்தக் கோணியை அவர் எழுதி வைத்ததனால் அறிகிறோம்; எழுத வாய்க்காமற்போன கோணிகள் எத்தனையோ.

இனி நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். முதல் வாரப் படங்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. காமிராவைக் கண்டதும் பிள்ளைகள் கொடிவணக்கத்துக்கு நிற்பது போல விறைத்துக்கொண்டனர். பிறகு கைப்பேசியை அவர்களிடமே கொடுத்து, "நீங்கள் படிக்கும் இடத்தை எடுங்கள்" என்றோம். ஒரு சிறுமி தன் வீட்டுச் சுவரில் இருக்கும் ஆணியை எடுத்து வந்தாள். ஆடு மேயாத உயரத்தில் புத்தகப் பை மாட்டும் ஆணி அது! அப்பா வந்து எடுத்துக் கொடுத்தால்தான் பை கைக்கு வரும். அவர் வேலையிலிருந்து திரும்ப எட்டு மணியாகும். அவள் தாமதமாக வருவதைச் சோம்பல் என்று நாங்கள் குறித்து வைத்திருந்தோம்.

ஆறு மணிக்கு மேல் படிப்பகத்தில் எடுத்த படங்களில் பிள்ளையின் தலை நிழல் அவன் ஏட்டின்மீதே விழுந்திருந்தது. ஒற்றை விளக்கு வாசலுக்கு மேலே, பிள்ளைகளின் முதுகுப்புறம் எரிகிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் பாடம் சொல்லும் எங்கள் கண்ணில் அது பட்டதே இல்லை. நன்கொடையாக வந்த நாற்காலிகளின்மீது புத்தகங்கள் அமர்ந்திருந்தன. பிள்ளைகள் தரையில் அமர்ந்திருந்தனர். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-ஆம் ஆண்டையொட்டிச் செயல்வழிக் கற்றல் பரவியபோது, தரையில் அமர்ந்தபடியே எழுதச் சுவரின் அடியில் தாழ்ந்த கரும்பலகை பூசினார்கள் அல்லவா, அது ஏனென்று இந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

இன்னொரு படம். சாளரத்துக்கு வெளியே ஐந்து பெண் பிள்ளைகள், இடுப்பில் தம்பி தங்கையரைச் சுமந்தபடி, எட்டி உள்ளே பார்க்கிறார்கள். அந்த ஐவர் பெயருக்கும் நேரே எங்கள் பதிவேட்டில் "வரவில்லை" என்று இருக்கிறது. வந்திருக்கிறார்கள், அழும் குழந்தையோடு உள்ளே வர நாம் இடம் வைக்கவில்லை.

நாட்காட்டியில் மகன் படம் வந்த அந்த அம்மாள் முதலில் எங்களை வாசற்படி ஏறவிடவில்லை. எடுத்த படங்களை எல்லாம் தமக்கு முதலில் காட்ட வேண்டும் என்றார். காட்டினோம். அடுப்படி தெரியும் ஒன்றை வேண்டாமென்றார். அவர் கண்ணெதிரேயே அழித்தோம். அன்றிலிருந்து எந்த வீட்டுப் படமும் அவ்வீட்டார் பார்த்து ஒப்பாமல் வெளியே வருவதில்லை. நன்கொடை கேட்கும் தாளில் எந்தப் பிள்ளையின் முகமும் வருவதில்லை. இதை இளைஞர்கள் நெகிழ்த்தலாகாது.

வரைபடம் இப்போது மாறியிருக்கிறது. விளக்குகள் பக்கச் சுவர்களுக்கு வருகின்றன. சாளரம் ஓரடி தாழ்கிறது. சுற்றிலும் தாழ்ந்த கரும்பலகையும், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் பை மாட்ட முளைகளும், நாற்காலிக்குப் பதில் பாயும் எழுதியிருக்கிறோம். பின்புறத் தாழ்வாரத்தில் தூளி கட்ட உத்தரத்தில் ஒரு வளையம் கேட்டோம். "படிப்பகத்தில் தூளி எதற்கையா?" என்றார் மேஸ்திரி. சாளரத்துப் படத்தைக் காட்டினோம். சற்று நேரம் பார்த்தவர், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இரண்டு வளையங்களாகக் குறித்துக்கொண்டார்.