பழைய உருவை மறவாத உலோகம்



குரோமியத்தில் பதனிட்ட தோல் பக்குவமாகிவிட்டதா என்றறிய, ஒரு துண்டைக் கத்தரித்துக் கொதிநீரில் இடுவார்கள். சுருங்காவிடில் தேறிற்று. பச்சைத்தோலோ 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். ஆறவைத்தாலும் பழைய உருவம் திரும்பாது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் தொட்டியடியில் நின்ற நம் மக்கள் இதனை ஏடு பாராமலே அறிந்தவர்கள். தோல் தொடுகிறவனுக்குப் பௌதிகம் எதற்கு என்று கேட்டவர்களும் இவ்வூர்களில் உண்டு. ஆகவே இன்று பௌதிகமே பேச வந்தேன்.

தோலுக்கு நேர்மாறான பொருள் ஒன்று உண்டு. நிக்கல் அணுக்களும் டைட்டானிய அணுக்களும் ஏறக்குறையச் சமமாகக் கலந்த நிட்டினால் என்பது அது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ப்யூலர் 1959இல் இக்கலவையை ஆராயத் தொடங்கினார். அதன் கம்பியை வளைத்து வெந்நீரில் இட்டால் முந்தைய வடிவுக்கே மீளும். பற்களைச் சீராக்கும் கம்பியாகவும், இரத்தக் குழாயை விரித்து நிறுத்தும் வலைக்குழலாகவும் இன்று அது பயன்படுகிறது.

சூடாயிருக்கையில் அணுக்கள் சதுரப்பெட்டிகளாக அடுங்கி நிற்கின்றன. குளிர்ந்தால் பெட்டிகள் ஒருபுறம் சாய்கின்றன. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் சுற்றியுள்ள பகுதி இடங்கொடாது. எனவே ஓர் அடுக்கு வலப்புறமும் அடுத்தது இடப்புறமுமாக, பனையோலை விசிறியின் மடிப்பைப்போல மாறிமாறிச் சாய்கின்றன. இரு அடுக்குகள் சந்திக்கும் தளமே இரட்டை எல்லை. அங்குள்ள அணுக்கள் இரு பக்கத்துக்கும் பொதுவானவை. அயலாரை விட்டுப் பிரியாமலே நிற்பவை. ஆதலால் அவ்வெல்லைக்குச் செலவாகும் ஆற்றல் மிகக் குறைவு. எல்லையும் எளிதில் நகரும். கம்பியை நாம் வளைக்கும்போது ஒரு சாய்வு வளர, மற்றது குறுகுகிறது. சூடேற்றினால் இரு சாய்வும் நிமிர்ந்து ஒன்றாகின்றன.

செலவு குறைவே தவிர, இல்லாமற்போகவில்லை. மடிப்புகள் மிகுந்தால் எல்லைச் செலவு ஏறும். மடிப்புகள் அகன்றால் விளிம்பில் இழுவிசை ஏறும். இவ்விரண்டுக்கும் நடுவே கணக்குத் தீரும்போது, மடிப்பின் அகலம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி அமைகிறது: நீளம் 4 மடங்கானால் அகலம் 2 மடங்கு. விளிம்பை நெருங்குகையில் மடிப்பு கிளைத்து மெலிவதே இன்னும் சிக்கனம் என்று ராபர்ட் கோனும் ஸ்டெஃபான் முல்லரும் 1990களில் காட்டினர். உலோகத் துகள் 50 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தாலோ, எல்லைச் செலவையே தாங்கமாட்டாமல் சாய்வது நின்றுபோகிறது. சிறு முதலுக்குப் பெரு வட்டி!

1986இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற கௌசிக் பட்டாச்சார்யா இத்துறை பற்றி 2003இல் எழுதிய நூல் உண்டு. அதன் பெரும்பகுதிக்கு வேண்டுவது, கல்லூரியில் கற்பிக்கும் அணிக்கணிதம்.

மேசைமீது ஒரு கம்பியும் வெந்நீர்க் குவளையும் வைத்திருக்கிறேன். பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் வரலாம்.