கீசர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

தொட்டி வைத்த கீசரில் தண்ணீர் சுடவில்லை என்றால், பெரும்பாலும் போயிருப்பது காயில் அல்லது தெர்மோஸ்டாட். இரண்டையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். அதற்காகப் புது கீசர் வாங்குவது வீண் செலவு. 230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் காயில், மின் இணைப்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் சுமார் 26 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) விழுகிறதென்றால், காயிலின் உறை வெடித்து மின்சாரம் கசியக்கூடும். சரிபார்க்கும்வரை கீசரைத் தொடக்கூடாது.

போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் காயில்மேல் வெள்ளையாக உப்பு படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, காயில் எரிந்துபோகும். அதைக் கழற்றும்போதே பக்கத்திலுள்ள மக்னீசியம் கம்பியையும் பார்க்க வேண்டும். தொட்டி அரிக்காமலிருக்கத் தான் கரைவதே அதன் வேலை. கம்பி மெலிந்திருந்தால் மாற்றுவது நல்லது. மெக்கானிக்குகள் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

தொட்டியே ஓட்டையாகித் துருத் தண்ணீர் சொட்டினால் பேச்சே இல்லை, புதிதுதான். உள்பூச்சு போன தொட்டியில் ஓர் ஓட்டையை அடைத்தாலும் பக்கத்திலேயே இன்னொன்று விழும். ஆனால் சொட்டுவது தொட்டியா, இணைப்புக் குழாயா, சேஃப்டி வால்வா என்பதை முதலில் துடைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.