வராத பஸ்ஸும் பறிபோகும் கூலியும்
(மதுரைத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



போன வாரம் விடியற்காலையில் ஊர்ப்புறத்து பஸ் நிறுத்தம் ஒன்றில் நின்றேன். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு காத்திருந்தார்கள். ஆறரை மணி பஸ் ஏழேகாலுக்கும் வரவில்லை. "நேரம் தவறினால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார், அண்ணே" என்றார் ஒரு தாய். ஷேர் ஆட்டோவில் ஏறினால் கூலியில் துண்டு விழும். ஏறாவிட்டால் கூலியே இல்லை!

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் வராத பஸ்ஸில் இலவசமாய் ஏறுவது எப்படி?

2023ல் நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் திறந்தார்கள். கார் வைத்திருப்பவருக்கு வழி பிறந்தது. காரில்லாதவருக்கு?

டிரைவர், கண்டக்டர் மீது பாயாதீர்கள். அவர்களும் நம்மவர்களே. 2024 ஜனவரியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, காலியிடங்களை நிரப்பு என்பதும் ஒரு கோரிக்கை. ஓட்ட ஆளில்லாத வண்டி டிப்போவில்தான் கிடக்கும். அவர்கள் கோரிக்கையும் நம் கோரிக்கையும் ஒன்றே.

1972ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தனியார் முதலாளி லாபம் பார்ப்பான். அரசு பஸ் ஏழையின் ஊருக்கும் போக வேண்டும். அதற்காகத்தானே அரசு பஸ்?

ஆகவே ஊருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். பஸ் வரவேண்டிய நேரம், வந்த நேரம், இரண்டையும் தினம் எழுதுங்கள். மாத முடிவில் எல்லோரும் கையெழுத்திட்டு டிப்போவுக்குத் திரண்டு போவோம். வாய்ப் புகாரைத் தட்டிக் கழிக்கலாம். முப்பது நாள் கணக்கை எப்படித் தட்டிக் கழிப்பார்கள்?