ஒரே கொடி, இரண்டு மாவட்டங்கள்: மலப்புரமும் முர்ஷிதாபாத்தும்

(மதுரையில் சமுதாய இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1991 டிசம்பரில் சோவியத் யூனியன் உடைந்து பதினைந்து நாடுகளாயிற்று. எழுபது ஆண்டுகள் ஒரே கட்சி, ஒரே சட்டம், ஒரே பாடப்புத்தகம். உடைந்த பிறகு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு திசையில் போனது. இமாம் புகாரி பிறந்த மண்ணான உஸ்பெகிஸ்தானில் கரீமோவ் என்ற ஒரே மனிதர் 2016இல் இறக்கும் வரை அதிபர் நாற்காலியை விடவில்லை. பக்கத்து வீடான கிர்கிஸ்தானிலோ 2005, 2010, 2020 என்று மூன்று முறை மக்கள் வீதிக்கு வந்து ஆட்சியாளர்களை இறக்கினார்கள். இரண்டுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். இரண்டுமே ஒரே கொடியின் கீழ் இருந்தவை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்விக்கு விடை தேட தாஷ்கண்ட் வரை போக வேண்டியதில்லை சகோதரர்களே! அதே அரிவாள் சுத்தியல் கொடியின் கீழ் நம் நாட்டிலேயே இரண்டு மாநிலங்கள் ஆளப்பட்டன. ஒன்று கேரளா, மற்றொன்று மேற்கு வங்காளம். இரண்டிலும் ஏறத்தாழ நான்கு பேருக்கு ஒருவர் முஸ்லிம். இரண்டிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மலப்புரத்தில் 70 சதவீதம், முர்ஷிதாபாத்தில் 66 சதவீதம். இந்த இரண்டு மாவட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மதுரையில் இருக்கும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

யார் முன்னால் இருந்தார்கள்?

முர்ஷிதாபாத் சாதாரண ஊர் அல்ல. வங்காளம், பீகார், ஒரிசா மூன்றுக்கும் தலைநகராக இருந்த நவாபுகளின் நகரம். பட்டும் பணமும் புரண்ட இடம். 1757இல் பிளாசிப் போரில் சிராஜுத் தவ்லா வீழ்ந்த பிறகு அந்த நகரத்தின் செல்வம் கப்பலேறியது.

மலப்புரமோ அன்று நம் சென்னை ராஜதானியின் மலபார் மாவட்டத்தில் ஒரு பின்தங்கிய பகுதி. குத்தகை விவசாயிகளான மாப்பிள்ளைமார்கள் வாழ்ந்த இடம். 1921 கிளர்ச்சிக்குப் பிறகு திரூரிலிருந்து சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் ஏறத்தாழ 70 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அந்தப் பெட்டியைத் திறந்தது நம் கோவைக்குப் பக்கத்திலுள்ள போத்தனூரில்! அப்படி நொறுக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

ஆக, தொடக்கத்தில் மலப்புரம் முன்னால் இருக்கவில்லை. இன்னொரு உண்மையையும் நியாயத்தோடு சொல்ல வேண்டும். 1947 பிரிவினையில் வங்காளத்து முஸ்லிம்களில் படித்தவர்கள், வசதியானவர்கள், அதிகாரிகள் பலர் கிழக்கு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் விவசாயிகளும் நெசவாளிகளும் கூலிகளும்தான். மலபாருக்கு அந்த இழப்பு அவ்வளவாக இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

2011 கணக்கெடுப்பில் மலப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 93 சதவீதத்துக்கு மேல். முர்ஷிதாபாத் 67 சதவீதத்தைத் தொடவில்லை. முஸ்லிம்களை மட்டும் பார்த்தால், 2001 கணக்கின்படி கேரள முஸ்லிம்களில் எழுத்தறிந்தவர் 89.4 சதவீதம், மேற்கு வங்கத்தில் 57.5 சதவீதம். தமிழ்நாட்டில் நாம் 82.9 சதவீதம்.

2006 நவம்பரில் நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு தன் அறிக்கையைப் பிரதமரிடம் கொடுத்தது. கேரளாவில் மக்கள்தொகையில் 24.7 சதவீதம் உள்ள முஸ்லிம்கள் அரசு வேலையில் 10.4 சதவீதம் இருந்தார்கள். மேற்கு வங்கத்தில் மக்கள்தொகையில் 25.2 சதவீதம், அரசு வேலையிலோ நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை! அங்கே இடதுசாரி ஆட்சி 1977இல் தொடங்கி அப்போது முப்பதாவது ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழைகளின் ஆட்சி என்று சொன்ன இடத்தில் ஏழையிலும் ஏழையான சமுதாயத்துக்கு இந்த நிலை.

அவர்கள் ஒன்றுமே செய்யவில்லையா?

செய்தார்கள். மறுப்பது நேர்மையல்ல. 1978இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' திட்டத்தில் 14 லட்சத்துக்கு மேற்பட்ட குத்தகை விவசாயிகளின் பெயர் பதிவானது. நிலத்தைவிட்டு அவர்களை விரட்ட முடியாது என்ற பாதுகாப்பு வந்தது. அதில் பயனடைந்தவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். அதே ஆண்டில் பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தி நாட்டுக்கே வழிகாட்டினார்கள். நாட்டின் பல பாகங்கள் கலவரத்தில் எரிந்த காலங்களிலும் வங்காளத்து முஸ்லிம் பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆனால் அந்த நிம்மதியே விலையாகப் பேசப்பட்டது. "உங்களுக்குப் பாதுகாப்பு தருகிறோம், ஓட்டுப் போடுங்கள்" என்பதோடு கணக்கு முடிந்தது. பள்ளிக்கூடம் எங்கே, கல்லூரி எங்கே, வேலை எங்கே என்று கேட்க ஆளில்லை. உயிர்ப் பாதுகாப்பு என்பது குடிமகனின் உரிமை. அதை ஓர் அரசு சலுகையாகக் காட்டி, வேறெதையும் கேட்காதே என்று சொன்னால் அந்தச் சமுதாயம் நிற்கும் இடத்திலேயே நிற்கும். குத்தகை நிலம் தகப்பனுக்குச் சோறு போட்டது. நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் என்ன மிஞ்சும்?

இன்று முர்ஷிதாபாத்தின் ஜங்கிப்பூர், துலியான் பகுதிகளில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். நம் மேலப்பாளையத்துச் சகோதரிகளின் விரல்களுக்குத் தெரிந்த அதே வேலை. ஆண்கள் ரயிலேறுகிறார்கள். எங்கே தெரியுமா? கேரளாவுக்கு! பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகளில், கட்டட வேலைகளில் முர்ஷிதாபாத் இளைஞர்களைப் பார்க்கலாம். நம் மதுரையிலும் ஹோட்டல்களிலும் கட்டடங்களிலும் வங்காளம் பேசும் தம்பிகள் இல்லையா? நவாபுகளின் தலைநகரத்துப் பிள்ளை, மாப்பிள்ளைக் குத்தகைக்காரரின் பேரன் கட்டும் வீட்டுக்குச் செங்கல் சுமக்கிறான். ஹலாலான உழைப்பில் இழிவு இல்லை. ஆனால் ஒரு மாவட்டமே ஊரைவிட்டுப் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்றால் அது ஆட்சியின் தோல்வி.

மலப்புரம் எப்படி எழுந்தது?

"வளைகுடாப் பணம்" என்று ஒரே சொல்லில் பலர் பதில் சொல்வார்கள். அது பாதி உண்மை. வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பிய பணம் வீடுகளையும் கடைகளையும் கட்டியது. 1988இல் கரிப்பூரில் விமான நிலையமும் வந்தது. ஆனால் பணம் வருவதற்கு முன்பே மூன்று காரியங்கள் நடந்துவிட்டன.

முதலாவது, அரசியல் பேரம். 1948 மார்ச்சில் சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. அதன் தலைவர், நம் திருநெல்வேலி மண்ணின் மைந்தர் காயிதே மில்லத் இஸ்மாயீல் சாஹிப். அவரை 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு அனுப்பியது மலபாரின் மஞ்சேரி தொகுதி. 1960இல் லீக்கின் ஓட்டை வாங்கிக்கொண்ட கூட்டணி, அமைச்சரவையில் இடம் தரவில்லை. சபாநாயகர் பதவியோடு நிறுத்திக்கொண்டது. அவர்கள் துவளவில்லை. 1967இல் இ.எம்.எஸ். அமைச்சரவையிலேயே லீக் இடம்பெற்றது. சி.எச். முகம்மது கோயா கல்வி அமைச்சரானார். 1968இல் கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகம். 1969 ஜூன் 16இல் மலப்புரம் மாவட்டம். "குட்டி பாகிஸ்தான் உருவாக்குகிறார்கள்" என்று அன்று கூச்சலிட்டவர்கள் உண்டு. அந்த மாவட்டம்தான் பின்னர் எழுத்தறிவில் நாட்டுக்கு முன்னால் நின்றது.

கவனியுங்கள்! மலப்புரம் மாவட்டத்தைத் தந்ததும் கம்யூனிஸ்ட் முதலமைச்சர்தான். முர்ஷிதாபாத்தைக் கவனிக்காததும் அதே கொள்கைக்காரர்கள்தான். இங்கே கேட்டு வாங்க ஆள் இருந்தது, அங்கே இல்லை. வித்தியாசம் கொடியில் இல்லை.

இரண்டாவது, பள்ளிக்கூடம். அதிகாலையில் மதரஸா, பிறகு அரசுப் பள்ளி என்ற ஏற்பாட்டை மலபார் உலமாக்கள் ஊர் ஊராக அமைத்தார்கள். தீனா, துன்யாவா என்ற சண்டையே எழவில்லை. அரசுப் பள்ளிகளில் அரபு ஆசிரியர்கள் இருந்ததால் தயங்கிய பெற்றோரும் பெண் பிள்ளைகளை அனுப்பினார்கள். 1980இல் அரபு ஆசிரியர் பணிக்கு இடையூறான உத்தரவுகள் வந்தபோது ஜூலை 30 அன்று மலப்புரத்தில் இளைஞர்கள் திரண்டார்கள். துப்பாக்கிச்சூட்டில் மூவர் இறந்தனர். அரசு பின்வாங்கியது. 1948இல் ஃபாரூக் கல்லூரி, 1964இல் முஸ்லிம் கல்விச் சங்கம் என்று சமுதாயமும் கைப்பணம் போட்டது. 1991 ஏப்ரல் 18இல் கேரளா முழு எழுத்தறிவு பெற்றதென்று கோழிக்கோட்டில் அறிவித்தவர் யார்? அமைச்சரா? இல்லை. முதிய வயதில் எழுத்துப் படித்த மலப்புரத்துப் பெண்மணி சேலக்கோடன் ஆயிஷா!

மூன்றாவது, இட ஒதுக்கீடு. கேரள அரசுப் பணிகளில் முஸ்லிம்களுக்கு 12 சதவீதம் என்று தனியே ஒதுக்கி, அதை நடைமுறையில் காத்தார்கள். வங்காளத்தில் முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோருக்கு 10 சதவீதம் என்ற அறிவிப்பு வந்தது 2010 பிப்ரவரியில். ஆட்சிக்கு வந்து 33ஆவது ஆண்டில்! அதற்குள் 2007 மார்ச் 14இல் நந்திகிராமில் நிலம் காக்கப் போராடியவர்களில் 14 பேர் துப்பாக்கிச்சூட்டில் இறந்துவிட்டார்கள். நிலம் கொடுத்தவர்களே நிலம் பறிக்க வந்தார்கள் என்று மக்கள் நினைத்தார்கள். 2011இல் கதவு மூடியது. அடுத்து வந்த திரிணாமுல் ஆட்சி பட்டியலை விரித்தது. ஆனால் முறையான ஆய்வு இல்லை என்று 2024 மே 22இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் 77 பிரிவினரின் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. அவசரமாகக் கொடுப்பது அவசரமாகவே பறிபோகிறது.

கேரளாவிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 24.7க்கு 10.4 என்பது பாதிகூட இல்லையே! முஸ்லிம்களுக்கென வந்த கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் 80:20 பங்கீட்டை 2021 மே மாதம் அங்குள்ள உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. காவல் காக்காத தோட்டத்தில் காய் நிற்காது.

மதுரைக்கு என்ன பாடம்?

சச்சார் குழு தமிழ்நாட்டைப் பற்றியும் சொன்னது. மக்கள்தொகையில் 5.6 சதவீதம், அரசு வேலையில் 3.2 சதவீதம். ஒப்பிட்டால் நாம் வங்காளத்தைவிட எவ்வளவோ மேல். அதன் பிறகு, சமுதாய இயக்கங்கள் வீதியில் நின்று கேட்டதன் பலனாக, 2007 செப்டம்பர் 15 முதல் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு வந்தது. நீதிபதி ஜனார்த்தனம் ஆணையத்தின் பரிந்துரையோடு, சட்டமாகவே வந்தது. ஆயிரம் இடங்களில் 35 நம்முடையவை.

அந்த 35 இடங்களுக்கு விண்ணப்பம் போடுகிறோமா? நெல்பேட்டையிலும் முனிச்சாலையிலும் மகபூப்பாளையத்திலும் பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்துவிட்ட பையன்கள் எத்தனை பேர்? மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தும் "போதும்" என்று நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? நமக்கு முதலில் இறங்கிய வஹீயே ஓதச் சொன்னதுதானே!

வணிகப் பெருமக்களே! கல்யாண மண்டபத்தில் ஒரே இரவில் கரையும் பணத்தில் ஒரு பங்கு, ஒரு மாணவரின் தேர்வுப் பயிற்சிக்குப் போதும். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன் மாலையில் படிக்க இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுங்கள். உங்களிடம் உழைக்கும் வங்காளத்துத் தம்பிக்கும் கூலியில் குறை வைக்காதீர்கள். அவன் ஊர் வீழ்ந்த கதைதான் இப்போது கேட்டீர்கள்.

இளைஞர்களே! சாதிச் சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்டோர் முஸ்லிம்' என்று சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் படிப்பவர், நிறுத்தியவர், வேலை தேடுபவர் கணக்கை எடுக்கட்டும். நாளை நீதிமன்றம் கேட்டால் காட்ட நம் கையில் புள்ளிவிவரம் வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் பாதுகாப்பு தருவீர்களா என்று கேட்காதீர்கள். அது அவர் கடமை. எந்தத் துறையில் எங்கள் 3.5 நிரம்பவில்லை, அந்தக் கணக்கைக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

எந்தக் கொடி பறந்தாலும், கணக்குக் கேட்கிற சமுதாயத்துக்குத்தான் கணக்குக் கிடைக்கும். நமக்கு மலப்புரத்தின் பாதையா, முர்ஷிதாபாத்தின் பாதையா என்பதை இந்தப் பத்தாண்டில் நம் வீடுகள் முடிவு செய்யும். அதற்கான உறுதியை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.